கலங்கிய நீரும் கறுத்த நீரும்: மீன்தொட்டி வரலாற்றின் சில பக்கங்கள்



பள்ளி விடுமுறை தொடங்கினால் செங்காங் வட்டாரத்து வீவக வீடுகளில் புதிய மீன்தொட்டிகள் குடியேறுவது வழக்கம். பிள்ளை பல மாதங்களாகக் கேட்டிருப்பான், தேர்வும் முடிந்திருக்கும், பெற்றோரும் இசைந்துவிடுவர். முதலிரண்டு நாள்கள் நீர் பளிங்குபோல் இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ அதில் பால் கலந்தாற்போன்ற வெண்மை படரும். உடனே வீட்டில் விசாரணை தொடங்கும். "நீதான் தீனியை அள்ளிக் கொட்டியிருப்பாய்" என்பது பெரும்பாலும் தீர்ப்பாக அமையும். தொட்டி கழுவுதொட்டிக்குப் போகும், கற்கள் தேய்க்கப்படும், வடிகட்டியின் பஞ்சு குழாயடியில் பிழியப்படும், புதுநீர் நிரப்பப்படும். இரண்டொரு நாளில் மீன்கள் ஒவ்வொன்றாக மிதக்கும். அழுது வீங்கிய கண்களோடு திங்கட்கிழமை வகுப்புக்கு வரும் பிள்ளைகளை ஆசிரியர்களாகிய நாம் கண்டிருக்கிறோம்.

அந்த வெண்மைக்குப் பிள்ளை ஓரளவே காரணம். மீன்களின் இறப்புக்கோ பெரியவர்களின் துப்புரவே பெரும்பாலும் காரணம். இதை மனிதர்கள் கண்டறிந்து முடிக்க ஏறத்தாழ 40 ஆண்டுகள் ஆயின. அந்தக் கதை பாடநூல்களில் இடம்பெறுவதில்லை. ஆகவே இங்கே எழுதுகிறேன்.

மொழியாசிரியர் என்ற முறையில் முதலில் ஒரு சொல்லாராய்ச்சி. நீர் கலங்குகிறது, மனமும் கலங்குகிறது. நீர் தெளிகிறது, தேறுகிறது, மனமும் அவ்வாறே. இரண்டுக்கும் தமிழர் ஒரே வினைகளைப் பயன்படுத்தினர். கலங்கிய நீரைத் தேற்றுவதற்கென்றே ஒரு மரத்தின் கொட்டை இருந்தது. அதனால் அம்மரம் தேற்றா மரம் ஆயிற்று. மண்பாண்டத்தின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து, அதில் கலங்கல் நீரை ஊற்றி வைத்தால், மண்துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி அடியில் படியும். கலித்தொகை இச்செய்கையை உவமையாகவே ஆள்கிறது. கொட்டையிலுள்ள பசைத்தன்மை வாய்ந்த நீண்ட மூலக்கூறுகள் நுண்ணிய களிமண் துகள்களை இணைத்துக் கனமாக்குகின்றன என்று இன்றைய வேதியியல் விளக்குகிறது. படிகாரமும் ஏறத்தாழ இதே வேலையைத்தான் செய்கிறது.

இங்கே பெற்றோருக்கு ஓர் எச்சரிக்கை. பாட்டி வீட்டில் குடத்து நீரைத் தெளிவித்த படிகாரத்தை மீன்தொட்டியில் போட்டுவிடாதீர்கள். அது நீரை அமிலமாக்கும். அதிலுள்ள அலுமினியம் மீனின் செவுள்களைத் தாக்கும். குடத்தில் கலங்கியிருந்தது மண். தொட்டியில் வெளுத்துத் தெரிவது உயிர். இரண்டும் வேறு வேறு நோய்கள்.

இனி 1850ஆம் ஆண்டு இலண்டனுக்குச் செல்வோம். மருந்தாளர் சங்கத்தின் கூடமாகிய அப்போத்திகரீஸ் ஹாலில் வேதியியலாளராகப் பணியாற்றியவர் இராபர்ட் வாரிங்டன். பெரிய கண்ணாடிக் கலம் ஒன்றில் நீரும் மணலும் இட்டு, நாடாபோல் நீளும் வாலிஸ்நேரியா என்னும் நீர்த்தாவரத்தை நட்டு, இரண்டு பொன்மீன்களை விட்டார். செடி உயிர்வளியைக் கொடுக்கும், மீன் கரியமில வளியைக் கொடுக்கும், இரண்டும் ஒன்றையொன்று வாழ்விக்கும், நீரை மாற்றவே வேண்டாம் என்பது அவர் கருத்து. கருத்து நன்றாகத்தான் இருந்தது. ஆனால் சில நாள்களில் செடியின் பழைய இலைகள் அழுகின, நீர் கலங்கியது, கண்ணாடியில் பச்சைப் பாசி படர்ந்தது. நம் வீட்டு வரவேற்பறையில் நிகழ்வதேதான்.

வாரிங்டன் நீரைக் கொட்டவில்லை. குளங்களில் அழுகும் இலைகளை யார் உண்கிறார்கள் என்று எண்ணிப் பார்த்தார். குளத்து நத்தைகள் சிலவற்றைக் கொண்டுவந்து விட்டார். அவை அழுகலையும் பாசியையும் மேய்ந்தன, நீர் தெளிந்தது. நத்தைகள் இட்ட முட்டைகள் மீன்களுக்கு உணவாயின. தாவரம், மீன், நத்தை ஆகிய மூன்றும் சேர்ந்தால் சமநிலை நிலவும் என்று அவர் அந்த ஆண்டே வேதியியல் கழகத்தில் கட்டுரை படித்தார். வீட்டு மீன்தொட்டியின் பிறப்புச் சான்றிதழாக அந்தக் கட்டுரையைக் கொள்ளலாம்.

பின்னர் நிகழ்ந்தவை வேகமாக நிகழ்ந்தன. 1853இல் இலண்டன் விலங்கியல் பூங்காவில் மீன்களுக்கெனத் தனி மாளிகை திறக்கப்பட்டது. மறு ஆண்டில் பிலிப் ஹென்றி காஸ் எழுதிய நூல் 'அக்குவேரியம்' என்ற சொல்லைப் பரப்பியது. இலண்டன் இல்லங்களில் மீன்தொட்டி ஒரு மோகமாயிற்று. மோகம் கொண்டோர் பலர் தொட்டியைச் சன்னலோரம் வெயிலில் வைத்தனர். நீர் பச்சைக் குழம்பாயிற்று.

அப்பச்சை நிறத்துக்கு மருந்து கண்டவர் வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். இலண்டனில் மீன்தொட்டிக் கடை நடத்தியவர். பின்னாளில் பெரிய காட்சியகங்களை வடிவமைத்தவர். 1871இல் திறக்கப்பட்ட கிரிஸ்டல் பேலஸ் மீன்காட்சியகத்தில், பார்வைத் தொட்டிகளைவிடப் பன்மடங்கு பெரிய இருண்ட நீர்த்தேக்கத்தைக் கீழே அமைத்து, நீரை ஓயாது சுழலவிட்டார். பாசியின் நுண்ணுயிர்கள் ஒளியின்றி வாழா. இருளில் சென்று திரும்பும் நீர் தெளிவாகவே திரும்பும். இன்று பச்சை நீருக்கு மீன்கடைக்காரர் சொல்லும் வைத்தியத்தின் மூலம் இதுவே: மூன்று நான்கு நாள்கள் விளக்கை அணைத்து, தொட்டியைக் கறுப்புத் துணியால் மூடிவைக்கச் சொல்வார். நிலநடுக்கோட்டுக்கு அருகே வாழும் நமக்கு வெயிலின் கொடை அளவுக்கு மிஞ்சியது. ஆகவே தொட்டியைச் சன்னலிலிருந்து தள்ளி வைப்பதே பாதி வைத்தியம்.

வெண்மைக்கு வருவோம். இக்கதையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது.

1877இல் பிரான்சு நாட்டில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்னும் இருவர் நீண்ட குழாயொன்றில் மணலையும் சுண்ணாம்புக் கல்லையும் நிரப்பி, அதன் வழியே கழிவுநீரைச் சொட்டுச் சொட்டாக இறக்கினர். முதல் 20 நாள்கள் யாதொரு மாற்றமுமில்லை; உள்ளே சென்ற அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகு அம்மோனியா குறைந்து, அதற்குப் பதிலாக நைட்ரேட்டு வரத் தொடங்கியது. குழாயில் குளோரோஃபார்ம் ஆவியைச் செலுத்தினர், மாற்றம் நின்றது. ஆவியை நீக்கிய பின்னும் அது தானே தொடங்கவில்லை. தோட்டத்து மண்ணைக் கரைத்த நீர் சிறிது ஊற்றினர், மீண்டும் தொடங்கியது. இது வெறும் வேதிவினையாயின் 20 நாள்கள் ஏன் காத்திருக்கவேண்டும்? மயக்க மருந்துக்கு ஏன் அடங்கவேண்டும்? ஆகவே உள்ளே ஏதோ உயிர் இருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினர்.

செய்தியறிந்து இங்கிலாந்தின் ரோதம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் ஒருவர் அதே ஆய்வில் இறங்கினார். அம்மோனியா முதலில் நைட்ரைட்டாகவும், பின்பு நைட்ரேட்டாகவும் இரண்டு படிகளில் மாறுகிறது, ஒவ்வொரு படிக்கும் வெவ்வேறு நுண்ணுயிர் பொறுப்பு என்பதை அவர் நிறுவினார். அவர் பெயரும் இராபர்ட் வாரிங்டன்தான்! நத்தை விட்ட வாரிங்டனின் மகன். தொட்டி நீரின் சமநிலையைத் தந்தை தேடினார். அச்சமநிலையைத் தாங்கிநின்ற, கண்ணுக்குத் தெரியாத உயிர்களின் தொழிலை மகன் கண்டார். தந்தை 1867இலேயே மறைந்துவிட்டார். தம் கண்ணாடிக் கலத்தின் மணலில் தாவரம், மீன், நத்தை அல்லாத நான்காவது கூட்டாளி ஒன்று இருந்ததை அவர் அறிந்ததேயில்லை. அந்த நுண்ணுயிர்களைத் தனியே பிரித்தெடுக்க மகனாலும் இயலவில்லை. 1890இல் ரஷ்ய அறிஞர் வினோகிராட்ஸ்கி அதனைச் செய்து முடித்தார்.

(கதை அத்தோடும் முடியவில்லை. நன்னீர்த் தொட்டிகளில் இரண்டாம் படியைச் செய்வது நெடுங்காலமாகப் பாடநூல்கள் கூறிவந்த நைட்ரோபாக்டர் அன்று, நைட்ரோஸ்பைரா என்று 1998இல் ஹோவனெக்கும் அவருடைய குழுவினரும் காட்டினர். இரண்டு படிகளையும் ஒரே உயிர் தனித்தே செய்வதும் உண்டு என்பது 2015இல் வெளிப்பட்டது. அறிவியல் ஆசிரியர்கள் தம் பழைய குறிப்பேட்டைத் திருத்திக்கொள்க.)

இப்போது நம் வீட்டுத் தொட்டியை மீண்டும் பாருங்கள். தீனி மிச்சமும் மீன் கழிவும் கரைந்த புதுநீரில், அவற்றை உண்ணும் மிதக்கும் நுண்ணுயிர்கள் ஓரிரு நாளில் கோடிகோடியாகப் பெருகுகின்றன. பால்போல் தெரிவது அவையே. அவற்றால் மீனுக்கு நேரும் கேடு சிறிது. உயிர்வளியைக் குறைக்கும், அவ்வளவே. உண்மையான ஆபத்து நிறமற்றது: அம்மோனியாவும் நைட்ரைட்டும். இவற்றை மாற்றவல்ல வாரிங்டனின் உயிர்கள் மெதுவாகப் பெருகுபவை. மணலிலும் வடிகட்டிப் பஞ்சிலும் ஒட்டி வாழ்பவை. அவை நிலைபெற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். பிரெஞ்சுக்காரர்களின் குழாய் 20 நாள்கள் காத்திருந்ததல்லவா, அதே காத்திருப்புத்தான்.

பஞ்சைக் குழாயடியில் பிழிந்தால் என்ன நேரும்? சிங்கப்பூரில் பொதுப் பயனீட்டுக் கழகம் வழங்கும் குழாய்நீரில் கிருமிநீக்கத்திற்காகக் குளோராமின் இருக்கிறது. நாம் குடிக்க அது பாதுகாப்பு. பஞ்சில் வாழும் உயிர்களுக்கோ அது குளோரோஃபார்ம். பழைய நூல்களில் "நீரை ஓரிரவு வாளியில் வைத்திருந்தால் போதும்" என்று காண்பீர்கள். குளோரின் கலந்த நீருக்கு அது பொருந்தும். குளோராமின் அவ்வளவு எளிதில் ஆவியாகிப் போகாது. மீன்கடையில் விற்கும் நீர்த்திருத்தி சில சொட்டுகள் இட்டே தீரவேண்டும்.

ஆகவே நீர் வெளுத்தால் செய்யவேண்டியது மிகக் குறைவே. தீனியைப் பாதியாக்குங்கள், ஒரு நாள் விட்டாலும் மீன் பட்டினியால் சாகாது. காற்றுக்குமிழி ஓடட்டும். நாலில் ஒரு பங்கு நீரை மட்டும், திருத்திய நீரால் மாற்றுங்கள். பஞ்சைக் கழுவ நேர்ந்தால் தொட்டியிலிருந்து எடுத்த பழைய நீரிலேயே அலசுங்கள். அண்டை வீட்டில் நோயற்ற பழைய தொட்டி இருந்தால், அதன் பஞ்சில் ஒரு துண்டு கேட்டு வாங்கி உங்கள் வடிகட்டியில் வையுங்கள். பிரெஞ்சுக்காரர்கள் ஊற்றிய தோட்டத்து மண்நீருக்கு அது ஒப்பாகும். பிள்ளையைக் கடிந்துகொள்வதற்குப் பதிலாக ஒரு நாள்காட்டியைக் கையில் கொடுத்து, ஒவ்வொரு நாளும் நீரின் நிறத்தைத் தமிழில் எழுதச் சொல்லலாம். மங்கல், வெண்மை, பால்நிறம், தெளிவு என்று சொல்வளமும் பெருகும்.

மூன்றாவது நிறம் பழுப்பு. தேநீர் போன்ற இந்த நிறத்தைக் கண்டு அஞ்சுவோரே மிகுதி. தொட்டியில் புதிதாக வைத்த மரக்கட்டையிலிருந்து துவர்ப்புச் சாறு இறங்குவதால் இது வரும். நீர் நாற்றமடிக்காமல், கண்ணாடித் தம்ளரில் எடுத்தால் நிறத்தோடும் தெளிவாக இருக்குமாயின், அது அழுக்கன்று. கலங்கல் வேறு, நிறம் வேறு.

சிங்கப்பூரில் வாழும் நாம் இந்த நிறத்தை வெறுப்பதற்கில்லை; இந்தத் தீவின் பழைய நீரே இந்நிறந்தான். மலாய் மொழியில் 'ஆயர் ஹித்தாம்' என்றால் கருநீர். ஜோகூரில் அப்பெயரில் ஊரே உண்டு. சதுப்புக் காட்டில் உதிர்ந்த இலைகளும் வேர்களும் ஊறி, நீர் தேநீர் நிறமாகவும் அமிலமாகவும் ஓடும். அந்த நீரில் வாழப் பழகிய சிறு மீன்கள் எத்தனையோ. பின்னுடலில் கறுப்பு முக்கோணம் தீட்டியதுபோல் அழகிய அடையாளம் கொண்ட ஹார்லெக்வின் ராஸ்போரா அவற்றுள் ஒன்று. மலாயாத் தீபகற்பத்தில் ஆய்வு செய்த ஜெர்மானியர் கியார்க் துங்கர் 1904இல் அதற்கு அறிவியல் பெயரிட்டார். இன்று உலகெங்கும் மீன்கடைகளில் விற்கப்படும் இம்மீன், தென்மலாயா, சிங்கப்பூர், சுமாத்திராக் காட்டோடைகளின் பிள்ளை. பளிங்கு நீரில் அது பிழைத்திருக்கும். பழுப்பு நீரில்தான் அதன் செம்மை ஒளிரும். 2006இல் சுமாத்திராவின் கருநீர்ச் சதுப்பிலிருந்து பீடோசிப்ரிஸ் என்னும் மீன் அறிவிக்கப்பட்டது. முதிர்ந்த பெண்மீனின் நீளம் 7.9 மில்லிமீட்டர், ஓர் அரிசி மணியின் அளவே. அதனை விவரித்த குழுவில் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் டான் ஹியோக் ஹுயியும் ஒருவர்.

அந்தக் கருநீர் நம்மிடம் எவ்வளவு எஞ்சியிருக்கிறது? மிகச் சிறிதே. 1929 முதல் சிங்கப்பூர்த் தாவரத் தோட்டத்தில் பணியாற்றிய கார்னர், 1930களில் சதுப்புக் காடுகள் வெட்டப்படுவதைக் கண்ணெதிரே கண்டு குறிப்பெடுத்தார். (உயர்ந்த மரங்களின் பூக்களைப் பறித்துவரக் குரங்குகளைப் பழக்கியவர் இவரே.) சிங்கப்பூரிலும் தென்ஜோகூரிலும் இருந்த அக்காடுகளைப் பற்றிய அவருடைய நூல் 1978இல் வெளிவந்தபோது, அதில் சொல்லப்பட்ட காடுகளில் பெரும்பகுதி மறைந்துவிட்டிருந்தது. இன்று சிங்கப்பூரில் நன்னீர்ச் சதுப்புக் காடு என்று சொல்லத்தக்கது நீ சூன் காடு ஒன்றே. ஈசூன் என்று நாம் வழங்கும் நகர்ப்பெயரும் நீ சூன் என்பதும் ஒரே பெயரின் இரு ஒலிப்புகள் என்பது பலருக்குத் தெரிவதில்லை. அக்காட்டில் நினைத்தவுடன் நுழைய இயலாது, அது நல்லதுதான். சிங்கப்பூரின் நன்னீர் மீன்களைத் தொகுத்து எரிக் ஆல்ஃபிரட் 1966இல் வெளியிட்ட பட்டியலைப் புரட்டினால், நம் வீட்டுத் தொட்டி மீன்கள் சிலவற்றின் சொந்த ஊர் இத்தீவே என்பது விளங்கும்.

பழுப்பு நீரை விரும்பி உண்டாக்குவோரும் நம்மிடையே உண்டு. சண்டைமீன் வளர்ப்போர் கெத்தாப்பாங் மரத்தின் உலர்ந்த இலையைத் தொட்டியில் இடுவர். அது வேறொன்றுமில்லை, நம் ஊர் நாட்டு வாதுமை மரமே. இலைச்சாறு நீரை மெல்ல அமிலமாக்கி, பூஞ்சைத் தொல்லையையும் குறைக்கும் என்பது அவர்களது அனுபவம். நம் அடுக்குமாடிக் கட்டடங்களின் அடியில் செந்நிறமாய் உதிர்ந்து கிடப்பதைப் பிள்ளைகள் மிதித்துக்கொண்டே பள்ளிக்கு வருகிறார்கள். சாலையோரத்து இலைகளில் பூச்சிமருந்து படிந்திருக்கக்கூடும். ஆதலால் தொட்டிக்கு மீன்கடையில் விற்பதையே வாங்குக.

செங்காங்கைப் பற்றிச் சொல்லாமல் முடித்தால் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வர். 1990களில் வீவக நகரம் எழும்பும் முன்னர் இவ்விடம் பண்ணைகளும் காங்கார் என்னும் மீனவச் சிற்றூரும் இருந்த நிலம். இலகு ரயில் நிலையப் பெயர்களில் அந்நினைவு ஒட்டிக்கொண்டிருக்கிறது: லாயார் என்றால் பாய்மரத்தின் பாய், தொங்காங் ஒருவகைப் படகு, பாக்காவ் கண்டல் மரம், காங்கார் அந்த மீனவச் சிற்றூரே. ஃபார்ம்வே நிலையத்தின் பெயர் பண்ணைச் சாலைகளின் நினைவு. ஜாலான் காயு, சிலேத்தார்ப் பக்கத்துப் பண்ணைச் சாலைகளில் அலங்கார மீன் விற்பனையாளர்கள் பல ஆண்டுகள் தொழில் செய்தனர். சென்னைக்குக் கொளத்தூர் எப்படியோ, அப்படி. சிங்கப்பூர் உலகின் முன்னணி அலங்கார மீன் ஏற்றுமதி மையங்களுள் ஒன்றாக வளர்ந்தது இத்தகைய சிறு பண்ணைகளின் உழைப்பால்.

நகரத்தில் வான் கிளீஃப் மீன்காட்சியகம் 1955இல் ரிவர் வேலி சாலையில் திறக்கப்பட்டது. டச்சு வணிகர் ஒருவர் இந்நகருக்கு உயிலெழுதி வைத்த பணத்தில் எழுந்தது அது. முதிய பெற்றோர் பலருக்கு அங்கு சென்ற பள்ளிச் சுற்றுலா நினைவிருக்கும். 1991இல் அது மூடப்பட்டது. பின்னர்த் தனியார் சில காலம் நடத்தினர். 1998இல் கட்டடமும் இடிக்கப்பட்டது. சென்னை மெரினாவில் 1909இல் திறக்கப்பட்ட மீன்காட்சியகமும் இரண்டாம் உலகப்போரோடு போயிற்று.

ஆனால் வாரிங்டனின் கண்ணாடிக் கலத்தைப் பெரிய அளவில் பார்க்க விரும்பும் ஆசிரியர்கள் நெடுந்தொலைவு செல்லவேண்டியதில்லை. பொங்கோல் நீர்த்தேக்கத்தில், ஆங்கர்வேல் பக்கத்திலிருந்து செங்காங் ஆற்றங்கரைப் பூங்காவுக்குச் செல்லும் வழியில், 2010இல் அமைத்த மிதக்கும் ஈரநிலம் இருக்கிறது. ஏறத்தாழ அரைக் காற்பந்துத் திடலின் பரப்பு. மிதவையில் நட்ட செடிகளின் வேர்கள் நேரே நீரில் தொங்குகின்றன. பாசியைப் பெருக்கும் சத்துகளை அவை உறிஞ்சிக்கொள்கின்றன. வேர்களின் மேல் நுண்ணுயிர்கள் குடியிருந்து எஞ்சிய வேலையைச் செய்கின்றன. மாலை ஐந்து மணிக்குமேல் வெயில் தணிந்திருக்கும். பிள்ளைகளைப் பாலத்தின் நடுவில் நிறுத்தி, மிதவைக்கு அருகிலும் தொலைவிலும் நீரின் நிறத்தை ஒப்பிட்டுச் சொல்லச் சொல்லுங்கள். தண்ணீர்ப் புட்டியும் குறிப்பேடும் மறவாமல் எடுத்துச் செல்க.